வைன் கூலர் குளிரவில்லை: திருத்துவதா, புதிது வாங்குவதா?

“காஸ் முடிஞ்சுபோச்சு சேர், திரும்ப அடிக்கணும்” என்றார் வந்தவர்.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில். ஒவ்வோர் ஆகஸ்டிலும் பாரிஸிலிருந்து வரும் மச்சான் கொண்டுவரும் போத்தல்களுக்கென்று வாங்கிய சின்ன கூலர், பன்னிரண்டு போத்தல் கொள்ளும். அது குளிரவில்லை என்று ஆளைக் கூப்பிட்டேன். அவர் சொன்னதுக்குத் தலையாட்டினேன், காசும் கொடுத்தேன். இரண்டு நாளில் பழையபடி. சந்தேகம் வந்து பின்தகட்டைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே காஸும் இல்லை, கொம்பிரசரும் இல்லை. தீப்பெட்டி அகலத்தில் ஒரு வெள்ளைச் சில்லு (சிப்), அதன் இரு பக்கமும் அலுமினியத் தகடுகள், இரண்டு ஃபேன். அவ்வளவுதான். இல்லாத காஸுக்கு நான் காசு கட்டியிருக்கிறேன்.

ஆகவே திருத்துவதா வாங்குவதா என்று மண்டையை உடைக்கும் முன் வீட்டில் இருப்பது எந்த வகை மெஷின் என்று தெரிந்துகொள்ளுங்கள். கொழும்பில் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

படி 1: பின்னால் போய்ப் பாருங்கள்

பிளக்கைக் கழற்றிவிட்டுக் கூலரைச் சுவரிலிருந்து இழுங்கள். கீழே கறுப்பாக, சின்னச் சட்டி கவிழ்த்ததுபோல ஒன்று இருந்தால் அது கொம்பிரசர். வீட்டு ஃபிரிட்ஜ் வேலை செய்யும் அதே முறைதான். அது இல்லாமல் ஃபேனும் அலுமினியத் தகடும் மட்டும் இருந்தால் அது பெல்டியர் வகை. நிச்சயம் செய்ய விவரத் தகட்டைப் பாருங்கள். ஆர்600ஏ (R600a) அல்லது ஆர்134ஏ (R134a) என்று எழுதி, பக்கத்தில் இத்தனை கிராம் என்று இருந்தால் காஸ் உள்ள மெஷின். அந்த வரியே இல்லையென்றால் காஸ் இல்லை, யார் என்ன சொன்னாலும்.

1834இல் பிரான்ஸ் நாட்டுப் பெல்டியர் கண்டது இதுதான்: இரண்டு உலோகங்கள் சேரும் இடத்தில் கரண்ட் ஓடினால், போகும் திசையைப் பொறுத்து அந்த இடம் குளிரும் அல்லது சூடேறும். அந்தச் சில்லு உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது. சத்தமில்லை, அதிர்வில்லை, விலையும் குறைவு. ஒரே குறை, அது அறையின் வெப்பத்திலிருந்து 10, மிஞ்சினால் 15 பாகைதான் இறக்கும். 20 பாகை அறையில் அது தாராளம். கொழும்பிலோ ஆண்டு முழுவதும் பகலில் 30, 31 பாகை. ஏசி இல்லாத ஹோலில் வைத்தால் பெரும்பாலும் 17, 18க்குக் கீழே போகாது. தூசி படிந்தால் 20ஐயும் தாண்டும். முகப்பில் 12 என்று வைத்தால் அது 12ஐத் தேடி இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும், போய்ச் சேராது. நீங்கள் பழுது என்று நினைப்பது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். நல்ல மெஷின், தப்பான ஊர்.

கொம்பிரசர் வகையென்றால் அதே தகட்டில் காலநிலை வகுப்பைத் தேடுங்கள். என் (N) என்ற எழுத்தென்றால் அறை 32 பாகை வரை, எஸ்டி (ST) என்றால் 38, டி (T) என்றால் 43. நமக்கு வேண்டியது எஸ்டி அல்லது டி. N வகுப்புக் கூலர் ஏப்ரல், மே மாதங்களில் அதன் எல்லையிலேயே நிற்கும்.

படி 2: ஒரு கிளாஸ் தண்ணீர்

முகப்பில் ஒளிரும் இலக்கத்தை நம்ப வேண்டாம். அது சென்சர் இருக்கும் மூலையின் காற்றைச் சொல்கிறது, போத்தலை அல்ல. பல மலிவுக் கூலர்களில் நீங்கள் கேட்ட இலக்கத்தையே திருப்பிக் காட்டும்.

நடுத்தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர் வையுங்கள். அதற்குள் ஒரு வெப்பமானி. கதவைத் திறக்காமல் 24 மணிநேரம் விடுங்கள். கதவு திறந்ததும் காற்று சூடாகிவிடும், தண்ணீர் ஆகாது, அதனால்தான் தண்ணீர். மறுநாள் அதே வேளையில் அறையின் வெப்பத்தையும் பார்த்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறியுங்கள்.

பெல்டியரில் வித்தியாசம் 10க்கு மேல் என்றால் மெஷினில் பழுதில்லை. ஐந்து, ஆறு என்றால் எங்கோ பழுது. கொம்பிரசர் வகை அறை 31 ஆக இருந்தாலும் 12, 13க்கு வந்தே ஆக வேண்டும். நீண்ட நாள் வைக்க வைனுக்குச் சரியான இடமும் அதுதான். வெள்ளை வைன் பரிமாற 7 முதல் 10, சிவப்புக்கு 15 முதல் 18 போதும். ஆகவே பெல்டியர்க்காரர் சிவப்பு மட்டும் வைத்துச் சில மாதங்களில் குடித்து முடிப்பவரென்றால், அந்த 17 பாகையே அவருக்குப் போதும். திருத்தவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

கண்ணாடிக் கதவின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பழுதென்று எண்ணிப் பலர் ஆளைக் கூப்பிடுகிறார்கள். நம்முடைய காற்றின் ஈரத்துக்கு 24 பாகையளவில் குளிர்ந்த எந்தக் கண்ணாடியும் வியர்க்கும். துடைத்துவிடுங்கள். உட்பக்கம் வியர்த்துக் கீழே தண்ணீர் தேங்கினால்தான் கதவு றப்பரைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு நூறு ரூபாத் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், நாலு பக்கமும். எங்கே தாள் தடையில்லாமல் வருகிறதோ அங்கே றப்பர் தளர்ந்திருக்கிறது. சுடுநீரில் நனைத்த துணியால் ஒற்றி நிமிர்த்தினாலே பாதி நேரம் சரியாகிவிடும்.

படி 3: மெஷினைக் குற்றம் சொல்லுமுன் இடத்தைப் பாருங்கள்

எங்கள் மாடியிலேயே இன்னொரு வீட்டில் நடந்தது. தச்சர் பான்ட்ரி கபேட்டுக்குள் அச்சுப் பிசகாமல் இடம் வெட்டிக் கூலரை உள்ளே தள்ளி, சுற்றிவரப் பட்டியும் அடித்துவிட்டார். பார்க்க அழகு. பின்னால் சூட்டை விடும் மெஷின் அது. சூடு போக வழியில்லாமல் தன் சூட்டையே திரும்ப இழுத்தது. இரண்டு கொம்பிரசர் மாற்றிவிட்டார்கள், பட்டியை ஒருவரும் கழற்றவில்லை.

காற்றை எங்கே விடுகிறது என்று பாருங்கள். முன்பக்கம் கீழே சட்டம் சட்டமாகத் துவாரம் இருந்து அந்த வழியாகச் சூடு வந்தால் கபேட்டுக்குள் வைக்கலாம். பின்னால் விடுவதென்றால் பின்புறம் 10 சென்ரிமீற்றர், பக்கங்களில் 5 சென்ரிமீற்றராவது இடைவெளி வேண்டும். மேற்கு ஜன்னல் வெயில், அடுப்பு, ஃபிரிட்ஜின் பின்புறம், இவை மூன்றுக்கும் பக்கத்தில் வேண்டாம். தூசியைத் தூரிகையால் தட்டி வெக்யூமால் இழுத்து எடுங்கள். மரைன் டிரைவ் பக்கம், பம்பலப்பிட்டி, தெஹிவளைக் கடற்கரை வீடுகளில் தூசியோடு உப்பும் சேரும். செம்புக் குழாயிலும் வயர் முனைகளிலும் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் அதைக் குறித்து வையுங்கள். கணக்குப் போடும்போது அது வேண்டும்.

இதையெல்லாம் செய்தபின் தண்ணீர்ச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும்.

படி 4: பழுது எங்கே?

பெல்டியரில் பழுதாக நாலே சாமான்கள்தான்: ஃபேன், சில்லு, சில்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் சூடு கடத்தும் பசை, கரண்ட் கொடுக்கும் சர்க்கிட் போர்ட். ஓடவிட்டுச் சில நிமிடம் கழித்துப் பின்பக்கத் தகட்டின் அருகே கையைக் கொண்டுபோங்கள். தொட முடியாத சூடென்றால் சில்லு வேலை செய்கிறது, ஃபேன்தான் சூட்டை இழுக்கவில்லை. தகடு குளிர்ந்தே கிடந்தால் சில்லுக்குக் கரண்ட் வரவில்லை அல்லது சில்லு செத்துவிட்டது. மிதமான சூடு, உள்ளே மிதமான குளிர், இரண்டும் அரைகுறை என்றால் பசை காய்ந்திருக்கலாம்.

ஃபேன் பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குப் போடும் அதே 12 வோல்ட் ஃபேன்தான். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலேயே கிடைக்கும். அளவையும் வயர் எண்ணிக்கையையும் பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள். சில்லின் மேல் இலக்கம் அச்சடித்திருக்கும். டிஇசி1-12706 (TEC1-12706) என்றால் உள்ளே 127 சோடி குறைகடத்தித் துண்டுகள், 6 ஆம்பியர், 4 சென்ரிமீற்றர் சதுரம். அதே இலக்கத்தைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விசாரிக்கலாம். வயரை மாற்றிப் பூட்டாதீர்கள். மாறினால் உள்ளே சூடேறி, மச்சானின் போத்தல்கள் வெந்துவிடும். போர்ட்டில் சின்ன உருளை போன்ற கப்பாசிட்டர் தலை வீங்கித் தெரிந்தால் அது மலிவான வேலைதான், ஆனால் நீங்கள் கை வைக்க வேண்டாம். பிளக் கழற்றிய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும்.

கொம்பிரசர் வகையில் காதைக் கூர்மையாக்க வேண்டும். கரண்ட் வந்தவுடன் ஓடவில்லையே என்று பதற வேண்டாம். பல மெஷின்கள் தம்மைக் காக்க மூன்று, ஐந்து நிமிடம் காத்திருக்கும். அதன் பின்னும் “ம்ம்…” என்று முனகி, “டிக்” என்று நின்று, சில நிமிடத்தில் திரும்ப முனகினால் அனேகமாக ஸ்டார்ட் ரிலே. கொம்பிரசரை ஓடத் தொடங்கவைக்க அதன் பக்கத்தில் செருகியிருக்கும் சின்னச் சாமான் அது. கழற்றிக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே கிலுகிலுவென்றால் உடைந்துவிட்டது. விலையும் குறைவு, வேலையும் குறைவு. ஒருமுறை எங்கள் ரிலேக்குள் எறும்புக் கூட்டமே குடியிருந்தது. இப்படிப்பட்ட பழுதுக்கு யோசிக்காமல் திருத்துங்கள், மெஷின் எத்தனை வயதானாலும்.

வெளிச்சம் இருக்கிறது, ஃபேன் ஓடுகிறது, கொம்பிரசர் பேசவே இல்லை என்றால் ரிலே, போர்ட், கொம்பிரசர் மூன்றில் ஒன்று. திருத்த வரும் பாஸிடம் மல்டிமீற்றரால் கொம்பிரசரின் மூன்று முனைகளுக்கும் இடையிலான மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். சாதாரணக் கொம்பிரசரில் இரண்டு சின்ன அளவுகளைக் கூட்டினால் பெரிய அளவு வரவேண்டும். இன்வேர்ட்டர் வகையில் மூன்றும் ஒன்றாக இருக்கும். ஏதாவது முனைக்கும் வெளி இரும்புக்கும் தொடர்பு காட்டினால் அந்தக் கொம்பிரசர் முடிந்தது. அளக்காமலே “கொம்பிரசர் போச்சு” என்பவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இரண்டு பகுதி உள்ள கூலரில் ஒரு பகுதி மட்டும் குளிரவில்லையென்றால் நல்ல செய்தி. கொம்பிரசர் நன்றாக இருக்கிறது. பெரும்பாலும் உள் ஃபேனோ சென்சரோதான்.

கெட்ட செய்தி காஸ் ஒழுக்கு. கொம்பிரசர் நிற்காமல் ஓடும், தொட்டால் சுடும், உள்ளே குளிர் இருக்காது. வெளியே தெரியும் குழாய்ப் பொருத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒழுக்கு அங்கே. அடைத்து, ஃபில்டர் மாற்றி, குழாயிலுள்ள காற்றை வெக்யூம் பம்பால் இழுத்து, புதுக் காஸ் விடலாம். எங்கும் பிசுக்கில்லை என்றால் அனேகமாகக் கூலரின் சுவருக்குள், நுரைக்கு நடுவே ஒழுகுகிறது. அதைத் திறக்க வழியில்லை. வெறுமனே காஸ் அடித்தால் சில வாரங்களில் அதே கதை. அங்கே திருத்தும் பேச்சை நிறுத்திவிடலாம்.

காஸ் வேலைக்கு ஒப்புக்கொள்ளுமுன் பாஸிடம் மூன்று கேள்வி. தராசு இருக்கிறதா? இந்தச் சின்ன மெஷின்களில் ஆர்600ஏ சில பத்துக் கிராம்தான், கை மதிப்புக்கு அடித்தால் கூடும் அல்லது குறையும். வெக்யூம் பம்ப் கொண்டுவருவீர்களா? தகட்டில் உள்ள அதே காஸா? ஆர்600ஏ மெஷினுக்குள் ஆர்134ஏ அடித்தால் அழுத்தமும் வேறு, கொம்பிரசரின் எண்ணெயும் ஒத்துப்போகாது. அதோடு ஆர்600ஏ எரியும் காஸ். ஜன்னல் எல்லாம் திறந்து, காஸை முழுதாக வெளியேற்றிய பிறகுதான் குழாயில் நெருப்பு வைக்க வேண்டும்.

படி 5: கணக்கு

திருத்தச் செலவு புதிய மெஷினின் பாதி விலையைத் தாண்டினால் புதிது வாங்கு என்பது எங்கும் சொல்லும் பேச்சு. நம் ஊரில் அதில் ஒரு சிக்கல். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அதற்கு முன் வாங்கிய மெஷினின் பில்லைப் பெட்டியிலிருந்து எடுத்து, அதில் பாதி என்று கணக்குப் போட்டால் தவறான முடிவுக்கே வருவீர்கள். இன்றைக்கு அதே அளவு, அதே வகைக் கூலர் என்ன விலை என்று இரண்டு கடையில் கேளுங்கள். பாதி என்பது அதில் பாதி.

அப்புறம் வயது. ஐந்து வருடத்துக்கு உட்பட்ட கொம்பிரசர் மெஷினுக்குப் பாதி வரை கொடுக்கலாம். அதற்குமேல் நான் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகமாட்டேன். களிம்பு பிடித்த கடற்கரை மெஷினென்றால் நாலில் ஒன்று, ஏனென்றால் இன்று ஒரு குழாய், அடுத்த வருடம் இன்னொன்று. பெல்டியருக்கு ஃபேன், சில்லு, பசை மட்டும். போர்ட்டும் சேர்ந்து போனால் விட்டுவிடுங்கள்.

கரண்ட் பில்லையும் சேர்க்க வேண்டும். பெல்டியர் 70 வாட் என்று வைத்துக்கொள்வோம். நம் வெக்கையில் அது நிற்காமல் ஓடுவதால் நாளுக்கு 1.68 யூனிட், மாதம் 50 யூனிட். கொம்பிரசர் 85 வாட் ஆனாலும் விட்டுவிட்டு ஓடும். பத்தில் நாலு பங்கு நேரம் ஓடினால் நாளுக்கு 0.8, மாதம் 25 யூனிட்டுக்குள். ஆகவே விலை மலிந்த மெஷின்தான் மாதாமாதம் கூடக் கேட்கிறது. வீட்டுக் கட்டணம் 60, 90, 120, 180 யூனிட் என்று படிப்படியாக ஏறுவது. கூலரின் யூனிட்டுகள் உங்கள் பில்லின் மேல்படியில் போய் உட்காரும். ஏசி உள்ள வீட்டில் அது 180க்கு மேற்பட்ட படி. போன மாத பில்லை எடுத்து, கடைசிப் படியின் விலையால் அந்த 25 யூனிட் வித்தியாசத்தைப் பெருக்கி, அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். பெல்டியரைத் திருத்துவது மலிவு என்று தோன்றியது அங்கே கொஞ்சம் மங்கும்.

பாஸ் சொன்ன தொகைக்கு எத்தனை மாதம் உத்தரவாதம் என்று கடதாசியில் எழுதி வாங்குங்கள். காஸ் வேலைக்கு மூன்று மாதமாவது தராவிட்டால் அவருக்கே நம்பிக்கையில்லை.

கனடாவிலிருந்து வந்த கூலர்

வெளிநாட்டில் இருந்து குடிபெயர்ந்து வருகிறவர்கள் சாமான்களோடு கூலரையும் அனுப்பிவிடுகிறார்கள். லண்டன், டுபாய் என்றால் தொல்லையில்லை, அங்கேயும் கரண்ட் நொடிக்கு 50 சுற்று, அதாவது 50 ஹேர்ட்ஸ்தான், வோல்டேஜும் நம் 230க்குக் கிட்ட. கனடா மெஷின் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்ஃபோமர் வோல்டேஜைக் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. கொம்பிரசர் மெதுவாகச் சுற்றும், சூடு கூடும். ஓடும் வரை ஓடட்டும். பெரிய பழுது வந்த அன்று அதற்குக் காசு போடாதீர்கள், உறவுக்காரர் என்ன சொன்னாலும்.

வாங்குவதென்று முடிவானால்

கொம்பிரசர், எஸ்டி அல்லது டி வகுப்பு, 230 வோல்ட், உதிரிச் சாமான் இங்கே வைத்திருக்கும் முகவர். இந்த நான்கும் இருந்தால் மற்றதெல்லாம் அலங்காரம். கடைக்காரர் “சத்தமே இல்லாதது” என்று புகழ்ந்தால் தகட்டில் காஸ் வரியைத் தேடுங்கள். வீட்டுக்கு வரும் வழியில் படுக்க வைத்திருந்தால் ஒரு நாள் நிமிர்த்தி வைத்தபின்தான் பிளக் போட வேண்டும். வோல்டேஜ் ஏறி இறங்கும்போது மெஷினைக் காக்கும் வோல்டேஜ் கார்ட் (guard) ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டிய நாட்கள் இருந்தன. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மாட்டி நாடு முழுதும் இருண்டது. கரண்ட் போவதில் போர்ட் சாவதில்லை, திரும்பி வரும்போது வரும் உதையில்தான் சாகிறது.

கூலர் வாங்காமலும் சமாளிக்கலாம். சின்ன ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி, அதன் பிளக்கை வெளி தெர்மொஸ்டாட் ஒன்றில் செருகி, சென்சரை உள்ளே விட்டு 12 என்று வையுங்கள். 12 வந்ததும் அது கரண்டை நிறுத்தும். திரும்பப் போட ஐந்து நிமிட இடைவெளியும் அதிலேயே வைக்கலாம். கண்ணாடிக் கதவு இல்லை, விருந்தாளிக்குக் காட்ட முடியாது. போத்தலுக்கு அந்தக் கவலை கிடையாது. ஆறு போத்தல்தான், தீபாவளிக்குள் தீர்ந்துவிடும் என்றால் வீட்டு ஃபிரிட்ஜின் மரக்கறித் தட்டே போதும். வருடக்கணக்கில் வைத்தால்தான் அங்கே தக்கை காய்ந்துவிடும்.

அம்மாவின் இன்சுலினைக் கூலரில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை வேண்டும், கூலர் 12இல் நிற்கிறது. மல்லிகைச் சரம் தாராளமாக வைக்கலாம், எங்கள் வீட்டில் மேல்தட்டு அதற்குத்தான்.

பழையதை என்ன செய்வது

கொம்பிரசர் கூலரின் குழாயை வெட்டிச் செம்பு எடுக்க விடாதீர்கள், உள்ளே எரியும் காஸ் மிச்சம் இருக்கலாம். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள். வெளியே வைத்துக் காத்திருக்கும் நாட்களில் கதவைக் கழற்றிவிடுங்கள், மாடிப் பிள்ளைகள் ஒளித்துப் பிடித்து விளையாடும் இடம் அது. மரத்தட்டுகளையும் நல்ல ஃபேனையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். எங்கள் பழைய பெல்டியரின் தட்டு ஒன்று இப்போது பால்கனியில் கறிவேப்பிலைச் சாடிக்குக் கீழே கிடக்கிறது.